விளக்கு வைத்த பின் விமானம்

"விளக்கு வைத்த பிறகு வெளியே கிளம்பாதே" என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வதுண்டு. அதைக் கேட்டு நகைக்காத பேரப் பிள்ளைகள் குறைவு. ஆனால், நேயர்களே, பாட்டியின் அந்த வாக்கை ஏறக்குறைய அப்படியே எடுத்துச் சட்டமாக்கி வைத்திருக்கும் இடம் ஒன்று உண்டு. அதுதான் இந்தியாவின் ஆகாச மார்க்கம். தமது சிறு விமானத்தில் ஏறி, தரையைக் கண்ணால் பார்த்தே வழி கண்டுபிடித்துக்கொண்டு பறக்கிற தனி விமானி, சூரியன் அஸ்தமித்தது முதல் மறுநாள் உதயமாகும் வரையில் அந்த முறையில் ஊர் விட்டு ஊர் பறப்பதற்கு நம் நாட்டு விதிகள் இடம் கொடுப்பதில்லை. விமான தளத்தைச் சுற்றிச் செய்யும் உள்ளூர்ப் பறத்தலுக்கும், விமானச் சங்கங்களின் பயிற்சிக்கும் மட்டும், தளத்து அதிகாரிகளின் அனுமதியின் பேரில் விலக்கு உண்டு. அமெரிக்காவிலோ அத்தகைய தடை இல்லை. அங்கே தனி விமானிகள் இரவிலும் தங்கள் கண்ணையே நம்பித் தாராளமாகப் பறக்கிறார்கள்.

அப்படியானால் நாம் பயந்தாங்கொள்ளிகளா? அல்லது அவர்கள்தான் அவசரக்காரர்களா? விடை சொல்வதற்கு முன்னால், இருட்டில், ஆகாசத்தில், மனிதனுடைய கண்ணுக்கு என்ன நேருகிறது என்பதைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். அந்த விசாரணையை நடத்துவதற்குப் புதுச்சேரியைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது.

பகலில் சென்னையிலிருந்து ஒரு சிறு விமானத்தில் புதுச்சேரிக்கு வருவது குழந்தை விளையாட்டு. ஆகாச வழியில் தூரம் சுமார் 75 மைல்தான். ஸெஸ்னா போன்ற ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு முக்கால் மணி நேரம் கூடப் பிடிக்காது. கடலை இடது கைப் பக்கம் வைத்துக்கொண்டு தெற்கு நோக்கி வந்தால் போதும். மரக்காணத்து உப்பளங்கள் பாத்தி பாத்தியாக வெள்ளை வெளேரென்று தெரியும். அருகே கழுவேலியின் நீர்ப்பரப்பு விரிந்து கிடக்கும். வானம் தெளிவாயிருந்தால் மேற்கே தொலைவில் செஞ்சிக் குன்றுகள் தலை நீட்டும். பிறகு செம்மண் பூமி, ஆரோவில்லின் மரக்கூட்டம், அப்பால் ஊசுடு ஏரி, கடலை ஒட்டினாற்போல், பிரெஞ்சுக்காரர் காலத்து வீதிகள், அடிக்கோல் வைத்துக் கோடு போட்டது போல். இவ்வளவு அடையாளங்களுக்குப் பிறகும் ஊர் தெரியாமல் தடுமாறுகிற விமானி உண்டானால் அவரை விமானத்தில் ஏற்றியவரைத்தான் குறை சொல்ல வேண்டும்.

அதே வழியை இரவில் நினைத்துப் பாருங்கள். உப்பளம் எங்கே? ஏரி எங்கே? குன்று எங்கே? எல்லாம் ஒரே கறுப்பு. பகலில் எவையெவை வழி சொல்லினவோ அவையெல்லாம் வாய் மூடிக்கொள்கின்றன. பகலில் கண்ணில் படாத வேறு சில பேச ஆரம்பிக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஊரும் மோட்டார் விளக்குகள், கிராமத்துத் தெருவிளக்குகள், கறுப்புத் துணியின் மேல் பொரி இறைத்தாற்போல் சிதறிக் கிடக்கும் வீடுகளின் வெளிச்சங்கள். பொரி எந்த இடத்தில் அடர்ந்திருக்கிறதோ அது பட்டணம். ஆனால் எந்தப் பட்டணம்? புதுச்சேரிக்கு நேர் தெற்கே பதினைந்து மைலில் கடலூர் இருக்கிறது. அதுவும் கடலோரத்துப் பட்டணம். அதற்கும் வடக்கே ஆறு உண்டு. அதன் விளக்குகளும் கடலண்டையில் வந்து பட்டென்று நின்றுவிடுகின்றன. காற்று கொஞ்சம் பின்னாலிருந்து தள்ளி, விமானி கைக்கடிகாரத்தைப் பார்க்க மறந்தாரானால், ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடுவது கஷ்டமான காரியமல்ல.

மாலைப் பொழுதே முதல் ஏமாற்றத்தைத் தொடங்கி வைக்கிறது. இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் கோடைக்காலத்தில் சூரியன் மறைந்த பின்னும் வெகு நேரம் வெளிச்சம் தங்கியிருக்கும். பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள நம் பக்கத்தில் அப்படியில்லை. புதுச்சேரி ஏறக்குறையப் பன்னிரண்டாவது பாகை அட்சரேகையில் இருக்கிறது. இங்கே சூரியன் செங்குத்தாக இறங்கிவிடுவதால், அஸ்தமனமான இருபது இருபத்திரண்டு நிமிஷத்துக்குள் தரை இருண்டுவிடுகிறது. இதில் இன்னொரு விபரீதம் உண்டு. ஐயாயிரம் ஆறாயிரம் அடி உயரத்தில் இருக்கிறவருக்கு, கீழே இருப்பவர்களுக்கு மறைந்த பிறகும் சூரியன் தெரிந்துகொண்டிருக்கும். "இன்னும் வேண்டிய வெளிச்சம் இருக்கிறதே!" என்று அவர் நிம்மதியாக வருவார். இறங்குவதற்காக விமானத்தின் மூக்கைத் தாழ்த்தும்போது, ஒரு கிணற்றுக்குள் இறங்குகிறாற்போல் இருக்கும். இரவில் பறக்க வேண்டுமென்று எண்ணாதவர்களே பெரும்பாலும் இப்படி இரவில் அகப்பட்டுக்கொள்கிறார்கள். அரை மணி தாமதமாகக் கிளம்பியதைத் தவிர அவர்கள் வேறு ஒரு குற்றமும் செய்திருக்க மாட்டார்கள்.

கண்ணின் கோளாறு

இனி, கண்ணைப் பற்றிச் சொல்கிறோம். நம் விழித்திரையில் வெளிச்சத்தை உணரும் அணுக்கள் இரண்டு வகை. கூம்பு வடிவமானவை நடுவில் நெருங்கியிருக்கின்றன. நிறங்களையும் நுட்பமான விவரங்களையும் காட்டுபவை இவைதாம். ஆனால் இவற்றுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். கோல் வடிவமானவை சுற்றிலும் பரவியிருக்கின்றன. இவற்றுக்கு நிறம் தெரியாது. மங்கலான ஒளியில் வேலை செய்பவை இவையே. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தால் இக்கோல்கள் முழுமையாக விழித்துக்கொள்ளச் சுமார் அரை மணி நேரமாகும். அவ்வளவு பாடுபட்டுச் சம்பாதித்த இருட்டுப் பார்வை, யாராவது ஒருவர் முகத்தில் டார்ச் விளக்கை அடித்தால் ஒரு நொடியில் போய்விடும். இன்றைக்கு விமானிகள் மடியில் வைத்துக்கொள்ளும் மின்னணுத் தேசப்படம் இருக்கிறதே, அதன் பிரகாசத்தைக் குறைக்க மறந்தால் அதுவே போதும்.

விழித்திரையின் நடு மத்தியில் கோல்கள் இல்லை. ஆகையால் மங்கலான ஒரு பொருளை இருட்டில் நேருக்கு நேர் உற்றுப் பார்த்தால் அது மறைந்துபோகும். பார்வையைச் சற்று ஒதுக்கி வைத்துக்கொண்டால் மறுபடியும் தோன்றும். கல்யாணத்தில் அருந்ததி பார்க்கச் சொல்லும்போது இந்த ரகசியம் உபயோகப்படக் கூடும். ஆனால் பட்டப்பகல் முகூர்த்தத்திலேயே அருந்ததியைத் தரிசித்துவிட்டதாகத் தலையை ஆட்டும் மாப்பிள்ளைகளுக்கு எந்த சாஸ்திரமும் தேவையில்லை. விமானி அப்படித் தலையாட்ட முடியாதல்லவா? எதிரே வரும் இன்னொரு விமானத்தின் சிறு விளக்கை அவர் ஓரக்கண்ணாலேயே தேடப் பழக வேண்டியிருக்கிறது.

உணவில் 'ஏ' வைட்டமின் குறைந்தால் மாலைக்கண் வருமென்பது வீட்டிலுள்ளோர் அறிந்தது. ஆகாசத்தில் ஏறுகிறவருக்கோ, கீரையும் முருங்கையும் குறைவின்றிச் சாப்பிட்டிருந்தாலும், கொஞ்சம் மாலைக்கண் வந்துவிடுகிறது. உயரே போகப்போகப் பிராணவாயு குறைகிறது. அதை முதலில் உணர்வது இருட்டுப் பார்வைதான். ஐயாயிரம் அடியிலேயே அது மங்கத் தொடங்குகிறது. புகை பிடிக்கிறவருக்கு அதற்கும் முன்பே.

இவையெல்லாம் கண் தெரியாமற் போவதைப் பற்றியவை. இவற்றைவிட அபாயமானது, கண் தவறாகத் தெரிவது. கறுத்த வெளியில் ஒற்றை விளக்கு ஒன்றைச் சிறிது நேரம் உற்றுப் பாருங்கள். அசையாத அந்த விளக்கு அசையத் தொடங்கும். ஒப்பிட்டுப் பார்க்க அருகில் வேறொன்றும் இல்லாததால், கண் தன் சொந்த அசைவையே விளக்கின் மேல் ஏற்றிவிடுகிறது. நட்சத்திரத்தை வேறு விமானமென்று நினைத்து விலகிப் போக முயன்ற விமானிகள் இருக்கிறார்கள்.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் இரவில் நின்றவர்களுக்கு நாம் அடுத்தபடி சொல்லப் போவது சுலபமாக விளங்கும். நிலவில்லாத நாளில் கடலைப் பார்த்தால், தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. மீன்பிடி படகுகளின் விளக்குகள் மினுக்குகின்றன. மேலே நட்சத்திரங்கள் மினுக்குகின்றன. இரண்டும் ஒரே கூட்டம். தரையில் நிற்பவருக்கு இது ஓர் அழகு. காலடியில் கல் உறுதியாக இருக்கிறது. எது மேல், எது கீழ் என்பதில் அவருக்குச் சந்தேகம் வராது. விமானத்தில் இருப்பவருக்கோ அந்தக் கல் இல்லை. படகு விளக்குகளை நட்சத்திரமென்று அவர் எண்ணினால், தொடுவானம் தாழ்ந்து கிடப்பதாக நினைத்துக்கொண்டு, விமானத்தின் மூக்கை வேண்டாத இடத்தில் இறக்குவார். கரையோரச் சாலை விளக்குகளின் சாய்ந்த வரிசையைத் தொடுவானமென்று எண்ணினால், அதற்கு இணையாக விமானத்தைச் சாய்த்துவிட்டு, நேராகப் போவதாகவே நம்பிக்கொண்டிருப்பார்.

178 விநாடி

"கண் ஏமாற்றினால் உடம்பு சொல்லாதா? சாய்ந்தால் தெரியாமலா போகும்?" என்று கேட்கத் தோன்றும். தெரியாது என்பதுதான் ஆச்சரியம். நம் உட்செவியில் திரவம் நிறைந்த மூன்று வளைகுழல்கள் இருக்கின்றன. தலை திரும்பும்போது அத்திரவம் பின்தங்குவதால் திரும்புகிறோம் என்று அறிகிறோம். ஆனால் ஒரே சீராகச் சில விநாடிகள் திரும்பிக்கொண்டேயிருந்தால் திரவமும் கூடவே சுற்றத் தொடங்கிவிடும். அப்போது, நேராகப் போகிறோம் என்று காது சாதிக்கும். விமானியோ உண்மையில் சாய்ந்தபடி வட்டமிட்டுக்கொண்டிருப்பார். சாய்ந்த விமானம் உயரத்தை இழக்கும். உயரம் குறைவதை மட்டும் கண்டு அவர் கைப்பிடியைப் பின்னுக்கு இழுப்பார். வட்டம் இன்னும் இறுகும். சுழல் படிக்கட்டில் உருளுகிறது போல் விமானம் கீழே இறங்கும்.

1954-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் இல்லினாய் சர்வகலாசாலையில் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். கருவிகளைப் பார்த்துப் பறக்கப் பயிற்சி பெறாத இருபது பேரை ஒவ்வொருவராக விமானத்தில் ஏற்றி, வெளிப்புறம் தெரியாதபடி செய்தார்கள். இருபது பேரும் விமானத்தின் மேலுள்ள ஆதிக்கத்தை இழந்தார்கள். ஒருவர்கூடத் தப்பவில்லை. ஆதிக்கம் இழக்கச் சராசரியாகப் பிடித்த நேரம் 178 விநாடி. மூன்று நிமிஷத்துக்கு இரண்டு விநாடி குறைவு. பக்கத்தில் தேர்ந்த ஆசிரியர் உட்கார்ந்திருந்ததால் எல்லோரும் பத்திரமாக வீடு திரும்பினார்கள்.

பக்கத்தில் ஆசிரியர் இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு உலகமறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 1999-ஆம் வருஷம் ஜூலை 16-ஆம் தேதி இரவு, அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த கென்னடியின் குமாரர் ஜான் கென்னடி, மனைவியையும் மைத்துனியையும் ஏற்றிக்கொண்டு நியூ ஜெர்ஸியிலிருந்து மார்த்தாஸ் வைன்யார்டு என்னும் தீவுக்குத் தமது விமானத்தை ஓட்டிக்கொண்டு புறப்பட்டார். அவருக்கு வயது 38. ஏறக்குறைய 310 மணி நேரம் பறந்த அனுபவம் இருந்தது. கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்குரிய தகுதிப் பத்திரம் மட்டும் இல்லை. சட்டப்படி அது தேவைப்படவும் இல்லை.

வழியில் பெரும் பகுதி கரையோரமாகவே சென்றார். கரையிலே ஊர்கள், ஊர்களிலே விளக்குகள். கடைசி முப்பது மைல் மட்டும் கடலின் மேல். அன்று மேகமும் இல்லை, மழையும் இல்லை. லேசான மூட்டம்தான் இருந்தது. அதே இரவில் அந்தப் பக்கம் பறந்த வேறு விமானிகள், கடலின் மேல் தொடுவானமே தெரியவில்லை என்று பிற்பாடு சொன்னார்கள். கரையின் விளக்குகளை விட்டுக் கடலுக்குள் திரும்பிய சில நிமிஷங்களில் விமானம் திரும்புவதும் இறங்குவதுமாகத் தத்தளித்தது. முடிவில் நிமிஷத்துக்கு 4,700 அடிக்கு மேற்பட்ட வேகத்தில் இறங்கிக் கடலில் விழுந்தது. மூவரும் மாண்டனர். எஞ்சினிலோ கருவியிலோ பழுதிருந்ததாக விசாரணையில் காணப்படவில்லை. எது மேல், எது கீழ் என்ற உணர்ச்சியை விமானி இழந்ததே காரணம் என்றும், மூட்டமும் இருட்டும் அதற்குத் துணை நின்றன என்றும் தீர்மானித்தார்கள். அவருடைய கண்ணுக்கு நேரே, செயற்கைத் தொடுவானத்தைக் காட்டும் கருவி சரியாக வேலை செய்துகொண்டிருந்திருக்க வேண்டும். அதை நம்பவும் பழக்கம் வேண்டுமே!

மறுபடியும் நம் கரைக்கு வருவோம். கென்னடியின் கடைசி முப்பது மைலுக்கும், புதுச்சேரிக்குக் கிழக்கேயுள்ள முதல் மூன்று மைலுக்கும் குணத்தில் வித்தியாசமில்லை. ஊரின் மேல் வட்டமிடும் விமானி மேற்கு நோக்கியிருக்கும் வரை பொரி போன்ற விளக்குகள் அவருக்குத் தொடுவானத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். கிழக்கே திரும்பியதும் கண்ணாடி முழுவதும் மை. ஒரு திருப்பத்துக்குள் ஒரு உலகத்திலிருந்து மற்றோர் உலகத்துக்குப் போய்விடுகிறார். அதே திருப்பத்தில்தான் காதும் பொய் சொல்லத் தொடங்குகிறது.

ஸைகோனுக்குப் போனவர்

இரவுப் பறத்தலைப் பற்றிப் பேசுகையில் ஒரு பிரெஞ்சுக்காரரை விட்டுவிட்டுப் போக முடியாது. அந்துவான் தெ ஸேந்தெக்ஸுபெரி என்பவர் விமானியாயிருந்து ஆசிரியரானவர். தென் அமெரிக்காவில் இரவுத் தபால் விமானங்கள் ஓடிய கதையை 1931-இல் 'இரவுப் பறத்தல்' என்னும் நாவலாக எழுதிப் புகழ் பெற்றவர். இருட்டின் சூதுகளை அவரைவிட அறிந்தவர்கள் அக்காலத்தில் சிலரே.

அப்போது புதுச்சேரியும் இந்தோ-சீனத்து ஸைகோனும் ஒரே மூவர்ணக் கொடியின் கீழ் இருந்தன. பாரிஸிலிருந்து ஸைகோனுக்கு எல்லோரையும்விட விரைவாகப் பறந்து சேருபவருக்கு 1,50,000 பிராங்கு பரிசு என்று அறிவித்திருந்தார்கள். 1935-ஆம் வருஷம் டிசம்பர் 29-ஆம் தேதி அவர் பிரெவோ என்ற எஞ்சின் நிபுணருடன் கிளம்பினார். அதிகப் பெட்ரோல் ஏற்றுவதற்காக ரேடியோவை எடுக்காமலே வந்துவிட்டார்கள். இரவில் பென்காஸியிலிருந்து கெய்ரோவை நோக்கிப் பாலைவனத்தின் மேல் பறந்தார்கள். காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று பென்காஸியில் கேட்டுக்கொண்ட தகவலைத் தவிர வேறு ஆதாரமில்லை. கீழே ஒரு விளக்கு இல்லை. மேகம் வேறு சேர்ந்துகொண்டது. இவ்வளவு நேரம் பறந்தாயிற்று, நைல் நதியின் பள்ளத்தாக்கு வந்திருக்க வேண்டுமே என்று கணக்குப் போட்டு, அதன் வெளிச்சங்களைத் தேடிக் கீழே இறங்கினார். டிசம்பர் 30-ஆம் தேதி அதிகாலை மூன்று மணிக்குச் சற்று முன்னால், மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் விமானம் தரையில் மோதியது. நைல் இன்னும் வெகு தூரம் கிழக்கேயிருந்தது.

மேட்டு நிலத்தின் மேல் உருண்டைக் கூழாங்கற்கள் பரவிக் கிடந்ததால் விமானம் உருளைகளின் மேல் சறுக்குவது போல் சறுக்கி நின்றது. இருவரும் உயிர் பிழைத்தார்கள். ஆனால் தண்ணீர்த் தொட்டிகள் உடைந்து மணல் குடித்துவிட்டது. நாட்கணக்கில் தாகத்தோடு அலைந்து, கானல் நீரைத் துரத்தி, இனி முடிவுதான் என்றிருந்த சமயத்தில் ஒட்டகத்தோடு வந்த ஒரு பதூயின் அவர்களைக் காப்பாற்றினார். பாலைவனத்தில் விழுந்த விமானி ஒருவன் ஒரு சிறு இளவரசனைச் சந்திப்பதாக 1943-இல் அவர் வெளியிட்ட கதையை உலகத்துக் குழந்தைகள் எல்லோரும் வாசிக்கிறார்கள். நம் வீட்டுக் குழந்தைகளும் தமிழில் வாசிக்கலாம். அந்தக் கதை பிறந்த இடம், காற்றைப் பற்றிய கணக்கு தவறிப்போன ஓர் இருட்டு என்பது அநேகருக்குத் தெரியாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அவரைக் கண் ஏமாற்றவில்லை, காதும் ஏமாற்றவில்லை. பகலாயிருந்தால் ஒரு மேடு, ஒரு பள்ளம், ஓர் ஒட்டகத் தடம் ஏதாவது அவருடைய கணக்கைத் திருத்தியிருக்கும். இரவில் கணக்கைத் திருத்துவதற்கு ஆள் இல்லை.

அந்த ஆளைத்தான் கடலோடிகள் வெகு காலத்துக்கு முன்பே நியமித்துவிட்டார்கள். புதுச்சேரியின் பழைய கலங்கரை விளக்கம் 1836-ஆம் வருஷம் ஜூலை மாதம் முதல் ஒளி வீசியது. 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் வாழ்ந்த பாரதியார் மாலை வேளைகளில் அதைக் காணாமல் இருந்திருக்க முடியாது. 1979-இல் புதிய விளக்கம் அதன் வேலையை ஏற்றுக்கொண்டது. பழையது கடற்கரைச் சாலையில் நினைவுச் சின்னமாக நிற்கிறது. ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் இமைப்பதில் தனித் தாளம் உண்டு. எத்தனை விநாடிக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணிப் பார்த்து, "இது மாமல்லபுரம், இது புதுச்சேரி, இது கடலூர்" என்று மாலுமி பெயர் சொல்லிவிடுவார். பெயர் சொல்லும் விளக்கு! இருட்டில் பயணம் போகிறவனுக்கு அதைவிடப் பெரிய உபகாரம் இல்லை. தரையிலுள்ள விமான தளங்களில் பச்சையும் வெள்ளையுமாக மாறி மாறிச் சுழலும் விளக்கு இதன் தம்பிதான்.

ஆகாசத்தில் இந்த உபகாரத்தைப் பெரிய அளவில் செய்தவர்கள் அமெரிக்கத் தபால்காரர்கள். 1921-ஆம் வருஷம் பிப்ரவரி 22-ஆம் தேதி இரவு ஜாக் நைட் என்ற விமானி தபால் மூட்டையோடு நெப்ராஸ்காவிலிருந்து கிளம்பினார். தரையிலே ஜனங்கள் சொக்கப்பனை போல் தீ மூட்டி அவருக்கு வழி காட்டினார்கள். ஒமாஹாவில் மாற்று விமானி வந்து சேரவில்லை. முன்பின் பறந்தறியாத சிகாகோ வழியைச் சாதாரணச் சாலைப் படம் ஒன்றை வைத்துக்கொண்டு கடந்து, மறுநாள் காலையில் போய் இறங்கினார். அதன் பிறகு அந்நாட்டு அரசாங்கத்தார் சுமார் பத்து மைலுக்கு ஒன்றாகக் கோபுரம் கட்டிச் சுழல் விளக்கு வைத்தார்கள். அடியிலே, அடுத்த விளக்கின் திசையைக் காட்டும் பெரிய சிமிட்டி அம்புக் குறி. அந்த அம்புகளில் சில இன்றும் புல்லும் புதருமாகக் கிடக்கின்றன.

நம் நாட்டில் தபால் விமானம் முதலில் பகல் வெளிச்சத்தை நம்பியே வந்தது. 1932-ஆம் வருஷம் அக்டோபர் 15-ஆம் தேதி ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குக் கொண்டு வந்த தபாலை, நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தார். விமானத்தில் ரேடியோ இல்லை, கண்ணும் திசைகாட்டியும்தான். சுதந்திரம் வந்த பின், 1949-ஆம் வருஷம் ஜனவரி முடிவில், ரபி அகமது கித்வாய் மந்திரியாயிருந்தபோது, நம்மவர்கள் இரவையும் பிடித்துக்கொண்டார்கள். பம்பாய், கல்கத்தா, தில்லி, சென்னை ஆகிய நான்கு திசைகளிலிருந்தும் டக்கோட்டா விமானங்கள் இரவில் கிளம்பும். நடுநிசியில் நான்கும் நாகபுரியில் கூடும். மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் அவரவர் ஊருக்குத் திரும்பும். சென்னையில் மாலையில் போட்ட கடிதம் மறுநாள் தில்லியில் கிடைத்தது. இருபது வருஷத்துக்கு மேல் இந்த ஏற்பாடு நடந்தது. நம் விமானிகளின் தீரத்துக்கு அந்த நடுநிசிக் கூட்டம் ஒன்றே போதிய சாட்சி. ஆனால் அவர்கள் வெறும் கண்ணை நம்பி வரவில்லை. ரேடியோ இருந்தது, கருவிகள் இருந்தன, தரையில் விழித்துக்கொண்டிருக்க ஆட்கள் இருந்தார்கள்.

தனி விமானிக்கு இன்று செயற்கைக் கிரகங்கள் இடத்தைச் சொல்கின்றன. எங்கே இருக்கிறோம் என்ற கேள்வியில் பாதி இதனால் தீர்ந்துவிட்டது. ஸேந்தெக்ஸுபெரியிடம் இந்தக் கருவி இருந்திருந்தால் அவர் ஸைகோனுக்கே போயிருப்பார். மற்றப் பாதி தீரவில்லை. ஊரைக் கண்டுபிடித்த பிறகு இறங்க வேண்டுமல்லவா?

கடல், ஏரி, காடு போன்ற விளக்கில்லாத வெளிக்கு அப்பால், ஓடுபாதையின் விளக்குகள் மட்டும் பிரகாசமாகத் தெரியும்போது, விமானிக்குத் தாம் மிக உயரத்தில் இருப்பதாகத் தோன்றும். உடனே தாழ்வார். இன்னும் உயரமாகவே தோன்றும். இன்னும் தாழ்வார். ஓடுபாதைக்கு முன்பே தரையோ தண்ணீரோ வந்துவிடும். போயிங் கம்பெனியைச் சேர்ந்த கான்ராட் கிராப்ட் என்ற மனோதத்துவ நிபுணர் 1960-களில் இதைப் போலி விமான அறையில் பரிசோதித்தார். தேர்ந்த விமானிகளே திரும்பத் திரும்பத் தாழ்ந்து போனார்கள். 'கறுங்குழி' என்று விமானிகள் இதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். கடல் பக்கத்திலிருந்து எந்தக் கரையோரத் தளத்துக்கு வந்தாலும் இந்தக் குழியைத் தாண்டித்தான் வர வேண்டும்.

குழியைத் தாண்டினாலும் அது வேறு ஊர்த் தளமாக இருக்கலாம். 2014-ஆம் வருஷம் ஜனவரி 12-ஆம் தேதி இரவு, 124 பிரயாணிகளோடு வந்த அமெரிக்க ஜெட் விமானம் ஒன்று, பிரான்ஸன் என்னும் ஊர் விமான நிலையத்துக்குப் பதிலாகப் பக்கத்திலிருந்த சின்னஞ்சிறு தளத்தில் இறங்கிவிட்டது. ஓடுபாதை முடிந்து சரிவு தொடங்குமிடத்துக்குச் சற்று முன்னால் நின்றது. பிரகாசமான ஓடுபாதை ஒன்று எதிரே தெரிந்ததும், அதுதான் நமது இடம் என்று விமானிகளின் மனம் முடிவு செய்துவிட்டது. கருவிகள் முன்னாலேயே இருந்தன. கண்ணுக்குத் தெரிந்ததை யார் கருவியிடம் கேட்கப் போகிறார்கள்?

எஞ்சின் நின்றுபோனால் என்ன செய்வது என்பது பற்றி விமானிகளிடையே கசப்பான வேடிக்கை ஒன்று வழங்குகிறது. "தரைக்கு அருகில் வந்ததும் முன் விளக்கைப் போட்டுப் பார், தெரிகிற இடம் பிடித்திருந்தால் இறங்கு, பிடிக்கவில்லையென்றால் விளக்கை அணைத்துவிடு." பகலில் வயலும் மணல் வெளியும் ஆயிரம் இருக்கிற நம் கரையோரத்தில், இரவில் எது வயல், எது சவுக்குத் தோப்பு, எது ஏரி என்று சொல்ல யாரால் முடியும்?

ஆகவே, ஆரம்பத்தில் எழுப்பிய கேள்விக்கு நமது அபிப்பிராயம்: இப்போதுள்ள நிலையில் பாட்டியின் கட்சியே பலமுள்ளது. கரையோரமெல்லாம் மின்சார விளக்குகள் பெருகிவிட்டன, ஆகையால் விதியைத் தளர்த்தலாம் என்று வாதிக்கிறவர்கள் இருக்கக் கூடும். விளக்குகள் பெருகியது உண்மை. அவை பெயர் சொல்லும் விளக்குகள் அல்ல. கடலின் மேல் ஒன்று கூடப் பெருகவும் இல்லை. இரவில் பறக்க வேண்டுமென்ற ஆசை தவறல்ல. அதற்கு வழியும் அடைபட்டிருக்கவில்லை. கருவிகளைப் பார்த்துப் பறக்கக் கற்றுத் தகுதிப் பத்திரம் பெறுகிறவருக்கு இரவு திறந்தே இருக்கிறது.

அந்தக் கல்வி தொடங்குவதும் சட்டம் விலக்கு அளித்திருக்கும் அதே உள்ளூர் வட்டத்தில்தான். மாணவர் அரை மணி நேரம் முன்பே வந்து இருட்டில் கண்ணைப் பழக்குகிறார். கைவிளக்குகள் இரண்டாக எடுத்து வைத்துக்கொள்கிறார். ஒன்று கெட்டுவிட்டால் மற்றொன்று வேண்டும். ஆசிரியர் பக்கத்தில் உட்காருகிறார். ஓடுபாதையின் இரு வரிசை விளக்குகளுக்கு நடுவே விமானம் ஓடி எழும்புகிறது. எழும்பிய மறு விநாடி அந்த விளக்குகள் வயிற்றுக்கடியில் போய் மறைந்துவிடுகின்றன. எதிரே ஒன்றும் இல்லை. தளம் மறுபடியும் இடது தோளுக்கு அப்பால் தென்படும் வரையில், அந்தச் சிறிது நேரம், மாணவர் வெளியே பார்க்காமல், மங்கலாக ஒளிரும் ஒரு சிறு வட்டத்துக்குள் கிடக்கும் வெள்ளைக் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு ஏறிக்கொண்டிருக்கிறார்.